நடையை விட்டால் தடம் போகும்!

தோழர்களே!

உங்கள் பணிமனையில் இன்றைக்கு எத்தனை ஷெட்யூல் ஆள் இல்லாமல் நின்றது? எத்தனை நடை வெட்டுப்பட்டது? கன்ட்ரோலர் அறையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். அங்கே இன்று வெட்டுப்படும் நடைதான் நாளை தனியார் கையில் பெர்மிட்டாகப் போய்ச் சேருகிறது. அதைத் தடுக்க நமக்கு இருக்கும் காலம் குறைவு. அதனால்தான் இந்த அறைகூவல்.

ஓட்டுநர், நடத்துநர், தொழில்நுட்பப் பணியாளர், அலுவலகப் பணியாளர், பணப்பலனுக்குக் காத்திருக்கும் ஓய்வுபெற்ற மூத்த தோழர்கள் என எல்லோருக்கும் சேர்த்தே இது. எந்தக் கொடியின் கீழ் நிற்பவரானாலும் சரி. 8 கழகங்கள், சுமார் 20,000 பேருந்துகள், 1 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். இவ்வளவு பெரிய படை, கண்ணெதிரே தன் தடங்கள் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

நம்மிடமிருந்து எதைப் பறிக்கிறார்கள் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வேலையைப் பறிக்கிறார்கள் என்கிறோம். பஞ்சப்படியைப் பறிக்கிறார்கள், ஓய்வூதியத்தைப் பறிக்கிறார்கள் என்கிறோம். எல்லாம் உண்மை. ஆனால் இவை அத்தனைக்கும் அடியில் கிடப்பது தடம். தடம் கையில் இருந்தால் வண்டி வாங்கச் சொல்லிக் கேட்கலாம். வண்டி இருந்தால் ஆள் எடுக்கச் சொல்லிப் போராடலாம். தடமே போய்விட்டால் எதைக் காட்டி எதைக் கேட்பது?

தடம் சும்மா வந்ததா?

1947-ல் சென்னை நகரில் வெறும் 30 பேருந்துகளோடு அரசு இந்தத் தொழிலில் இறங்கியது. அப்போது மாகாணத்தின் மற்ற சாலைகளெல்லாம் பேருந்து முதலாளிகளின் கையில் இருந்தன. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி போகும், போகாது என்பதை அவர்களின் கணக்குப் புத்தகம்தான் தீர்மானித்தது. 1956-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, அரசுப் போக்குவரத்து நிறுவனத்துக்கென்று தடங்களை ஒதுக்கிவைக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தார்கள். 1971-ல் பெரிய பேருந்து நிறுவனங்களின் வண்டிகளைக் கையகப்படுத்தத் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் கழகங்கள் பிறந்தன.

முதலாளிகள் சும்மா விடவில்லை. பேருந்துகளைக் கையகப்படுத்த வகைசெய்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போனது. அபு கவுர் பாய் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் பேசப்படுவது அதுதான். சமூகத்தின் வளங்கள் எல்லோருக்கும் பயன்படும் வகையில் பகிரப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 39-ஆம் பிரிவு. அந்த வரியைத் தாங்கி நிற்கும் சட்டம் இது என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை நிலைநிறுத்தியது.

இளம் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் தினமும் வண்டி எடுக்கும் தடம், சட்டமன்றத்தில் சட்டமாகி, உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, வென்றெடுத்த பொதுச் சொத்து. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-ஆம் அத்தியாயம் அந்தச் சொத்துக்கு இன்றும் காவலாக நிற்கிறது. அறிவிக்கப்பட்ட தடத்தில், அந்தத் தடத்துக்கென அரசு வகுத்த திட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் தனியாருக்குப் பெர்மிட் கொடுக்க முடியாது. அந்தத் திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் 102-ஆம் பிரிவின்படி அரசு முதலில் கழகத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். பாதிக்கப்படுவோரையும் கேட்க வேண்டும். நம் கழக நிர்வாகங்கள் அப்படிக் கேட்கப்பட்ட இடங்களில் என்ன சொல்லின? மறுத்தனவா, தலையாட்டினவா? அந்தக் கேள்வியை நாம் இதுவரை உரக்கக் கேட்கவில்லை. இனிக் கேட்போம்.

லாபம் அவர்களுக்கு, கடமை நமக்கு

கோவை–பொள்ளாச்சி, திருச்சி–தஞ்சாவூர், சேலம்–ஈரோடு போன்ற தடங்களில் காலை எட்டு மணிக்கு யார் வண்டி எடுத்தாலும் நிறையும். கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. தனியார் வண்டிக்கும் நமக்கும் அது ஒன்றுதான். டீசல் விலை ஏறினால் இருவருக்கும் ஏறும். அப்படியிருக்க, ஒருவர் லாபமென்றும் மற்றவர் நட்டமென்றும் ஆவது எப்படி?

பதில் அந்தத் தடத்தில் இல்லை. அதே பணிமனையிலிருந்து புறப்படும் இன்னொரு வண்டியில் இருக்கிறது. கடைசி ஊரில் இரவு தங்கி, விடியற்காலையில் நாலு பால்கேனையும் பத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வரும் வண்டி அது. மலைப்பாதையில் கியர் மாற்றி மாற்றி ஏறி, திரும்பும்போது பாதி இருக்கை காலியாக வரும் வண்டி அது. அந்த வண்டி ஒருநாளும் டீசல் காசுகூடத் திருப்பித் தராது. பொள்ளாச்சித் தடத்தின் வசூல்தான் அதை ஓட வைக்கிறது. பெரிய தடம் சின்னத் தடத்தைச் சுமக்கும். நகரம் கிராமத்தைச் சுமக்கும். 1972-ல் உருவான ஏற்பாட்டின் உயிர்நாடியே இந்தச் சுமத்தல்தான்.

தனியார் செய்வது பாலில் ஆடையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும் வேலை. நிறையும் தடம், நிறையும் நேரம், நிறையும் நாள். கூட்டமில்லாத மதிய நடையைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பயண அட்டை அங்கே செல்லாது. 2021 மே 8 முதல் நம் சாதாரண நகரப் பேருந்துகளில் நடைமுறையில் இருக்கும் மகளிர் விடியல் பயணம் அங்கே செல்லாது. பிறகு ஆண்டுக் கணக்கு வரும். கழகம் நட்டம், தனியார் லாபம் என்று எழுதுவார்கள். அந்தக் கணக்கைக் காட்டி நடையை வெட்டுவார்கள். நடை வெட்டியதால் பயணி குறைவார். பயணி குறைந்ததைக் காட்டி அடுத்த நடையை வெட்டுவார்கள். இந்தச் சுழலுக்கு முடிவு எங்கே என்று நமக்குத் தெரியும்.

2013 ஜனவரியில் நடந்ததை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மொத்தமாக டீசல் வாங்குவோருக்கு ஒன்றிய அரசு தனி விலை வைத்தது. பல்லாயிரம் வண்டி ஓட்டும் நம் கழகங்கள் லிட்டருக்குப் பல ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் சில்லறை பங்கில் மலிவாக நிரப்பிக்கொள்ள முடிந்தது. பணிமனைக்குள் நம் பங்க் இருக்க, நம் வண்டிகள் சாலையோரப் பங்குகளில் போய் நின்றன. ஊருக்கே வண்டி ஓட்டுவதற்குக் கிடைத்த தண்டனை அது! இப்படி ஒரு கையைக் கட்டிவிட்டு, ஓட்டப்பந்தயத்தில் தோற்றுவிட்டாய் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

மூன்று திசைகளில் தடம் போகிறது

முதலாவது, மினி பஸ். 1997-ல் இந்தத் திட்டம் வந்தபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. பேருந்தே எட்டிப் பார்க்காத குக்கிராமத்திலிருந்து பிரதான சாலைக்கு ஆளைக் கொண்டுவந்து விடும் வண்டி என்றார்கள். 20 கிலோமீட்டர் தடத்தில் 16 கிலோமீட்டர் பேருந்து ஓடாத சாலையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலையில் 4 கிலோமீட்டர்தான் வரலாம் என்று எல்லை போட்டார்கள். 2024 ஜூனில் புதிய திட்டத்துக்கு வரைவு வந்தது, 2025-ல் நடைமுறைக்கும் வந்தது. இப்போது தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர். அதில் 65 விழுக்காடு சேவையில்லாத பகுதியாக இருந்தால் போதும். மிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்: ஏறத்தாழ 9 கிலோமீட்டர் வரை நம் வண்டி ஓடும் சாலையிலேயே மினி பஸ் ஓடலாம். நாலு, ஒன்பதாகிவிட்டது. சென்னையின் விரிவடைந்த பகுதிகளுக்கும் திட்டம் நீண்டுவிட்டது.

நமக்கு மினி பஸ் மேல் பகை இல்லை. வண்டி பார்க்காத ஊருக்கு வண்டி வந்தால் அந்த ஊர்க்காரரைவிட நாம்தான் அதிகம் மகிழ வேண்டும். ஆனால் "சேவையில்லாத பகுதி" என்ற சொல்லை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அந்த ஊரில் சேவை எப்படி இல்லாமல் போனது? சில ஊர்களுக்கு உண்மையிலேயே பேருந்து போனதில்லை. வேறு சில ஊர்களுக்கு நம் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது; ஓட்டுநர் இல்லை, உதிரிபாகம் இல்லை என்று முதலில் மதிய நடை போனது, பிறகு இரவு நடை போனது, கடைசியில் வண்டியே போனது. நாம் விட்ட அந்த இடைவெளிதான் அவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ். ஆள் எடுக்காதது ஒரு மேசையில், பெர்மிட் கொடுப்பது இன்னொரு மேசையில். இரண்டு மேசைக்கும் நடுவில் தடம் கைமாறுகிறது.

இரண்டாவது, ஒப்பந்த வண்டி. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் புறப்பட்டன. முதற்கட்டத் திட்டம் 625 வண்டிகள். புகையில்லாத வண்டி, சக்கர நாற்காலி ஏறும் வண்டி. வரவேற்கிறோம். ஆனால் வண்டி ஒப்பந்த நிறுவனத்தின் சொத்து. ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் ஆள். பராமரிப்பும் அவர்களுடையது. கழகத்துக்கு மிச்சம் நடத்துநரும் தடமும். வண்டி நிறைந்தாலும் காலியாக ஓடினாலும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பொதுப்பணம் போய்க்கொண்டிருக்கும். பணிமனை நிலமும் நம்முடையது.

தடம் கழகத்திடம்தானே இருக்கிறது, பிறகென்ன என்று கேட்பார்கள். ஒப்பந்தம் முடியும் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று கழகத்திடம் மின்பேருந்து ஓட்டத் தெரிந்த ஓட்டுநர் இருக்கமாட்டார். பேட்டரியைப் பிரித்துப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கமாட்டார். அந்த நிலையில் நிறுவனம் கேட்கும் விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது. கைத்தொழில் போய்விட்டால் காகிதத்தில் இருக்கும் தடம் எத்தனை நாளைக்கு? 2023 மே 29 அன்று ஒப்பந்த ஓட்டுநர் நியமனத்தை எதிர்த்துச் சென்னைத் தோழர்கள் வண்டிகளை நிறுத்தியபோது நகரம் திரும்பிப் பார்த்தது. அன்று எழுந்த கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மின்பேருந்து வரட்டும், கழகத்தின் சொத்தாக, கழகத்தின் ஓட்டுநரோடு வரட்டும்!

மூன்றாவது, ஆம்னி. ஒப்பந்த ஊர்தி என்ற பெர்மிட்டில் ஓடும் வண்டி இடையில் ஆளை ஏற்றி இறக்கக்கூடாது. ஒரு குழு மொத்தமாகப் பேசி எடுப்பதுதான் அந்தப் பெர்மிட்டின் பொருள். நடப்பது என்ன? தனித்தனி இருக்கைக்குத் தனித்தனி டிக்கெட். நம் விரைவுப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்று அரசு விலை வைக்கிறது. ஆம்னிக்கு அப்படி எதுவும் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மதுரை, நெல்லை டிக்கெட் என்ன விலைக்குப் போகிறது என்பதை ஊருக்குப் போகும் கூலித் தொழிலாளியைக் கேளுங்கள். வெளிமாநிலங்களில் பதிவு செய்துகொண்டு இங்கே ஓடிய ஆம்னிகள் மேல் 2024 ஜூனில்தான் போக்குவரத்துத் துறை கடுமை காட்டியது. அந்தக் கடுமை ஆண்டு முழுக்க ஏன் இல்லை?

போட்டி வந்தால் சேவை பெருகுமாம்!

இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அதை முழுதாகச் சோதித்துப் பார்த்த நாடு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் தாட்சர் ஆட்சியில், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1986 அக்டோபர் 26 முதல் லண்டனுக்கு வெளியே பேருந்துத் தடங்களைச் சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எந்தத் தடத்திலும் ஓட்டலாம். லாபத் தடங்களில் வண்டிகள் முட்டிக்கொண்டன. லாபமில்லாத தடங்களுக்கு உள்ளாட்சிகள் காசு கொடுத்து வண்டியைக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. மான்செஸ்டர் பெருநகரம் அந்தச் சோதனையிலிருந்து மீள ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் தன் பேருந்துத் தடங்களை அந்த நகரம் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே வண்டி ஓட்டுவது இன்றும் தனியார் நிறுவனங்கள்தான். ஆனால் தடம், நேரம், கட்டணம் மூன்றையும் பொது நிர்வாகம் தீர்மானிக்கிறது. சந்தைக்குப் பெயர்போன நாடே தடத்தைத் திரும்பக் கேட்டு வாங்குகிறது. நாமோ கையிலிருப்பதைத் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தனியார் வண்டி ஓட்டும் தோழருக்கு

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் இரண்டு நிமிடத்துக்காக நம்மோடு மல்லுக்கு நிற்கும் தனியார் வண்டி நடத்துநர் நம் எதிரி இல்லை. வசூலைப் பொறுத்துத்தான் அவருக்குப் படி. முன்னால் போகும் நம் வண்டியைத் தாண்டி அடுத்த நிறுத்தத்துக்குப் போனால்தான் அவர் வீட்டில் அன்றைக்குக் காய்கறி. பெரும்பாலானவருக்கு நியமன ஆணை கிடையாது, வைப்புநிதி கிடையாது, விபத்து நடந்தால் முதலாளி முகம் தெரியாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்தது. எந்தத் தனியார் வண்டியில் அது நடந்தது? 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டமும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. எழுத்தில் இருந்த பாதுகாப்பும் ஆட்டம் காணும் நேரம் இது.

சாலையில் நடக்கும் பந்தயத்தின் பலி இந்த இரண்டு வண்டிகளின் ஓட்டுநர்களும், படிக்கட்டில் தொங்கும் மாணவனும்தான். ஆகவே டைமிங் தகராறில் கை நீட்டாதீர்கள், தோழர்களே. கை கொடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே ஊதியம், ஒரே வேலை நேரம் என்ற கோரிக்கை அவருக்கும் நமக்கும் பொதுவானது. தனியார் வண்டியில் உழைப்பு மலிவாகக் கிடைக்கும் வரை நம் தடம் பறிபோய்க்கொண்டேதான் இருக்கும். மினி பஸ் ஓட்டுநரையும், மின்பேருந்தின் ஒப்பந்த ஓட்டுநரையும், ஆம்னியில் இரவெல்லாம் கண்விழிக்கும் ஓட்டுநரையும் சங்கத்துக்குள் கொண்டுவருவது நம் தற்காப்பின் முதல் வேலை.

பயணி நம் பக்கம் நின்றால்

2018 ஜனவரி வேலைநிறுத்தம் எட்டு நாள் நடந்தது. 2024 ஜனவரி 9-ல் மீண்டும் வண்டிகளை நிறுத்தினோம். 2025 ஆகஸ்ட் 18 முதல் ஓய்வுபெற்றோர் பணப்பலனுக்காகக் காத்திருப்புப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. 2003 ஏப்ரலுக்குப் பின் பணிக்கு வந்தவர்களின் ஓய்வூதியம் இன்னும் தீராத வழக்காக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நம் கோரிக்கை நியாயமாகவே இருந்தது. ஆனாலும் பல நிறுத்தங்களில் பயணி நம்மைக் கோபமாகத்தான் பார்த்தார். ஏன்? நம் பஞ்சப்படிக்கும் அவர் ஊர் வண்டிக்கும் உள்ள தொடர்பை நாம் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

அதைச் சொல்லும் இடம் மேடை இல்லை, வண்டி. கைகாட்டும் பெண்ணைக் கண்டும் நிறுத்தாமல் போகும் ஒரு வண்டி, நூறு துண்டறிக்கையின் பலனை அழித்துவிடும். கட்டணமில்லா டிக்கெட் வாங்கும் பெண்ணிடம் ஒரு கடுஞ்சொல் விழுந்தால் அது நம் தடத்தின் மேல் விழும் வெட்டு. அந்த டிக்கெட்டுக்கு அரசு கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. தினமும் பல லட்சம் பெண்கள் வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நம்மை நம்பி நிறுத்தத்தில் நிற்கிறார்கள். நூறுநாள் வேலைக்குப் போகும் அம்மா, பனியன் கம்பெனிக்குப் போகும் தங்கை, வீட்டு வேலைக்குப் போகும் அக்கா: இவர்களைவிடப் பெரிய படை இந்த மாநிலத்தில் எந்தக் கட்சியிடமும் இல்லை. தனியார் வண்டி அவர்களை இலவசமாக ஏற்றாது. நாம் ஏற்றுகிறோம். அவர்கள் நம் பக்கம் திரும்பினால் எந்த அரசாணையும் நம்மைத் தாண்டிப் போகாது.

உடனே செய்ய வேண்டியவை

ஆவேசம் மட்டும் போதாது, தோழர்களே. நாளைக் காலை முதல் ஷிப்டிலிருந்தே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.

1. ஒவ்வொரு பணிமனையிலும் "வெட்டுப்பட்ட நடைப் பதிவேடு" ஒன்றைத் திறப்போம். தேதி, தட எண், எந்த ஊர், எத்தனை மணி நடை, ஆள் இல்லையா, வண்டி இல்லையா, வசூல் இல்லை என்று வெட்டினார்களா. அன்றன்றைக்கே எழுத வேண்டும். எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே பதிவேடு. தனித்தனிப் பதிவேடு வேண்டாம்.

2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. நம் கோட்டத்தில் எந்தெந்தத் தடங்களுக்கு மினி பஸ் பெர்மிட் வழங்கப்பட்டது, அதே ஊர்களுக்கு முன்பு கழக வண்டி ஓடியதா, எப்போது நின்றது, தடத் திட்டத்தை மாற்றியபோது கழகம் எழுத்தில் சொன்ன கருத்து என்ன. பதிவேட்டையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை தானாக வெளிவரும்.

3. கிராம சபைக்குப் போவோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை ஊர் கூடுகிறது. "எங்கள் ஊருக்கு நின்றுபோன அரசுப் பேருந்து நடையைத் திரும்ப விட வேண்டும்" என்று தீர்மானம் நிறைவேற்றச் சொல்வோம். அந்த ஊரில் பிறந்த தோழர் ஒருவர் நம் பணிமனையில் இல்லாமலா இருப்பார்? அவரே எழுந்து பேசட்டும். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவராக அமர்ந்து பெர்மிட் கொடுக்கும் மாவட்ட ஆட்சியரிடமே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோய்க் கொடுப்போம்.

4. ஆள் எடு என்ற முழக்கத்தை விடக்கூடாது. 2025-ல் 3,274 ஓட்டுநர்-நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது என்றால், வருடக்கணக்கில் நாம் போட்ட கூச்சல்தான் காரணம். ஓய்வு பெறுகிறவருக்கு ஈடாக ஆண்டுதோறும் நிரந்தர நியமனம் என்பது விதியாக வேண்டும். ஓட்டுநர் தனி, நடத்துநர் தனி என்ற நிலையும் தொடர வேண்டும். மின்பேருந்துப் பராமரிப்புக்கு நம் தொழில்நுட்பத் தோழர்களுக்குக் கழகமே பயிற்சி கொடுக்க வேண்டும்.

5. சமூகக் கடமைக்குச் செலவாகும் பணத்தை அரசு பட்ஜெட்டில் தனித் தலைப்பில் காட்டி, காலத்தில் கொடுக்க வேண்டும். கிராம நடை, மாணவர் பயணம், மகளிர் பயணம் ஆகியவற்றுக்கான செலவு மக்கள் நலச் செலவு. அதைக் கழகத்தின் நட்டம் என்று எழுதவிடக் கூடாது. ஓய்வுபெற்றவரின் பணத்தில் டீசல் போடும் நிலை முடியட்டும்.

6. வாயிற்கூட்டம் பணிமனை வாசலோடு நிற்க வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை பேருந்து நிலையத்துக்குள், பயணிகள் நடுவில் நிற்போம். மாணவர் அமைப்புகளையும் மாதர் அமைப்புகளையும் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களையும் அழைப்போம். மேடையில் முதல் பேச்சு பயணியுடையதாக இருக்கட்டும்.

எல்லாக் கொடிகளுக்கும்

கடைசியாக, சங்கத் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளும் கட்சியோடு நிற்கும் சங்கம் வேலைநிறுத்தத்தன்று வண்டியை எடுப்பதும், அதே சங்கம் ஆட்சி போனபின் வாசலில் கொடி பிடிப்பதும் பல ஆட்சிகளாக நாம் பார்த்துவரும் காட்சி. ஆட்சி மாறும்போதெல்லாம் நம் ஒற்றுமையும் முகம் மாறினால், மாறாமல் முன்னேறிக்கொண்டே இருப்பது பெர்மிட் மட்டும்தான். மினி பஸ் வரம்பு விரிந்ததோ, ஒப்பந்த வண்டி வந்ததோ ஒரு சங்கத்தின் உறுப்பினரை மட்டும் குறிவைத்து வரவில்லை. ஊதியப் பேச்சில் வேறு வேறாக நின்றாலும் தடத்தைக் காப்பதில் ஒன்றாக நிற்போம் என்று எல்லாச் சங்கங்களும் எழுதிக் கையெழுத்திடட்டும். தலைமை தயங்கினால், பணிமனைக் கிளைகள் முந்திக்கொள்ளட்டும். கீழே கைகோத்துவிட்டால் மேலே பிரிந்து நிற்க யாருக்கும் துணிவு வராது.

தோழர்களே! நம் அப்பன் தலைமுறை தடத்தை முதலாளியிடமிருந்து வாங்கி ஊருக்குக் கொடுத்தது. அதை ஊரிடமிருந்து பிடுங்கி மறுபடி முதலாளியிடம் கொடுக்கும் காலம் நம் காலமாக இருக்கக் கூடாது. நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு வரும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் கொண்டுவாருங்கள். வெட்டுப்பட்ட முதல் நடையை எழுதுங்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் கையெழுத்தையும் பக்கத்தில் வாங்குங்கள். வாரக் கடைசியில் எல்லாச் சங்கத் தோழர்களும் ஒன்றாக அமர்ந்து அந்தப் பதிவேட்டைப் படியுங்கள். அடுத்த கிராம சபைக்கு யார் யார் எந்த ஊருக்குப் போவது என்று அங்கேயே பெயர் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தடம் மக்கள் சொத்து! விட்ட நடையை மீட்போம்!
நிரந்தர வேலையை மீட்போம்!
அரசு வண்டி ஊருக்கெல்லாம் ஓடட்டும்! தொழிலாளர் ஒற்றுமை ஓங்கட்டும்!